முதுகு நீரும் மூளைக் கட்டியும்: பாகூர் கடலோரத்திலிருந்து ஒரு மருத்துவ வரலாறு

புதுச்சேரி நகருக்கும் கடலூருக்கும் இடைப்பட்ட கடலோரத்தில், பாகூர் கொம்யூனின் கிழக்கு ஓரமாக அமைந்த மீனவ ஊர் பனித்திட்டு. அங்கிருந்து கிருமாம்பாக்கத்துக்கோ பிள்ளையார்குப்பத்துக்கோ வந்தால் இன்று ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை எட்டிவிடலாம். விடாத தலைவலி, காலை வாந்தி, வலிப்பு, பார்வை மங்கல் என்று வருபவருக்கு ஸ்கேன் எடுத்துப் பார்க்கவும், தேவையென்றால் கீழ்முதுகில் ஊசி செலுத்தி, மூளையைச் சூழ்ந்திருக்கும் நீரில் சிறிது எடுத்துச் சோதிக்கவும் இத்தகைய மருத்துவமனைகளில் வழியுண்டு. சோதனைக்கூடச் சீட்டுகளில் ‘சி.எஸ்.எஃப்.’ என்று எழுதப்படுவதும், நோயாளியின் வீட்டார் ‘முதுகுல தண்ணி எடுக்கிறது’ என்று சொல்வதுமான இந்தச் செயல்முறைக்கு நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அந்த நீரைக் கொண்டு மூளைக் கட்டியைக் கண்டறிய முயன்ற கதையை ஐரோப்பிய, அமெரிக்க நூல்கள் பெரும்பாலும் புற்றணுவைத் தேடிய கதையாகவே எழுதுகின்றன. சென்னை, வேலூர், புதுச்சேரி ஆகிய ஊர்களைச் சேர்த்த இந்த வட்டாரத்திலோ புற்றணுவைத் தேடுவதற்கு முன்பாகவே வேறொரு கேள்வி எழுந்து நின்றது: தலைக்குள் வளர்ந்திருப்பது புற்றா, காசநோயா, நாடாப்புழுவின் முட்டையிலிருந்து வந்த கட்டியா என்பதே அது. இங்கே முதுகு நீரின் வரலாறு அந்தக் கேள்வியின் வரலாறாகவே வளர்ந்தது. இன்று மூலக்கூறு அளவில் நடக்கும் ஆய்வுகளையும் அந்தக் கேள்வியை வைத்தே மதிப்பிட வேண்டியிருக்கிறது.

மூளைத் தண்டுவட நீர் என்பது மூளையின் உள்ளறைகளில் ஊறி, மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஓடி, மீண்டும் இரத்தத்தில் கலந்துவிடும் தெளிந்த திரவம். வளர்ந்த ஒருவரின் உடலில் எந்த நேரத்திலும் ஏறத்தாழ 150 மில்லி லிட்டர் இருக்கும். நாளொன்றுக்குச் சுமார் 500 மில்லி லிட்டர் சுரப்பதால், ஒரே நாளில் அது மூன்று நான்கு முறை புதுப்பிக்கப்படுகிறது. 1,400 கிராம் எடையுள்ள மூளை அந்த நீரில் மிதப்பதால் அதன் எடை ஐம்பது கிராம் அளவுக்கே அழுத்துகிறது. நலமுள்ளவரின் நீரில் ஒரு கன மில்லி மீட்டருக்கு ஐந்துக்கும் குறைவான வெள்ளணுக்களே இருக்கும். புரதம் ஒரு டெசிலிட்டருக்கு 15 முதல் 45 மில்லி கிராம் வரையிலும், சர்க்கரை இரத்தச் சர்க்கரையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காகவும் காணப்படும். இந்த மூன்று அளவுகளும் மாறும் விதத்தைக் கொண்டே மருத்துவர்கள் பல தலைமுறைகளாகத் தலைக்குள் நடப்பதை ஊகித்து வந்தார்கள்.

இப்படியொரு நீர் இருப்பதே வெகுகாலம் ஐயத்துக்குரியதாக இருந்தது. இறந்தவரின் தலையைத் துண்டித்துப் பிணத்தைத் திறக்கும் வழக்கத்தால் நீர் முழுவதும் வெளியேறிவிட, உடற்கூற்றியலார் வெற்றிடத்தையே கண்டனர். நேப்பிள்ஸ் நகரத்து தொமெனிகோ கொத்துனியோ உடலின் கீழ்ப்பகுதியிலிருந்து தண்டுவடத்தைத் திறந்து பார்த்து, நீர் நிறைந்திருப்பதை 1764இல் எழுதினார். பிரான்சின் பிரான்சுவா மஜாந்தி 1820களில் உயிருள்ள விலங்குகளில் அதை நிறுவி, பிரெஞ்சு மருத்துவத்தில் இன்றும் வழங்கும் பெயரை அதற்குச் சூட்டினார். உயிருள்ள மனிதரின் முதுகிலிருந்து அதைப் பாதுகாப்பாக எடுக்கும் முறையை 1891இல் வெளியிட்டவர் ஜெர்மனியின் கீல் நகரில் பணியாற்றிய ஹைன்ரிக் குவின்கே. நீர் மிகுந்து தலை வீங்கிய குழந்தைகளுக்கு அழுத்தத்தைக் குறைப்பதே அவரது நோக்கம். ஆயினும் எடுத்த நீரை அவர் வீணாக்கவில்லை. அழுத்தத்தை அளந்தார், புரதத்தையும் சர்க்கரையையும் கணக்கிட்டார். தண்டுவடம் முதல் அல்லது இரண்டாம் இடுப்பு முள்ளெலும்பின் அளவிலேயே முடிந்துவிடுவதால், மூன்றுக்கும் நான்குக்கும் இடையிலோ அதற்குக் கீழேயோ குத்தும் ஊசி நரம்புத் தண்டைத் தொடுவதில்லை என்ற எளிய உடற்கூற்று உண்மையின்மேல் இந்த முறை நிற்கிறது. ‘முதுகுல ஊசி போட்டா கால் விளங்காமப் போயிடும்’ என்று கிராமங்களில் இன்றும் நிலவும் அச்சத்துக்கு மருத்துவர்கள் பொறுமையாகச் சொல்ல வேண்டிய விடையும் இதுவே. அந்த அச்சத்தை அறியாமை என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. காசநோய் மூளைக்காய்ச்சலால் கைகால் செயலிழந்தவர்களுக்கே பெரும்பாலும் அந்த ஊசி போடப்பட்டதால், நோயின் விளைவை ஊசியின் விளைவாக ஊரார் கண்டது இயல்பு.

குவின்கேயின் முறை மிக வேகமாகப் பரவியது. 1893இல் லுட்விக் லிக்ட்ஹைம் காசநோய் மூளைக்காய்ச்சலில் இந்த நீரில் காசக் கிருமி இருப்பதைக் காட்டினார். 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாரிசில் பெர்னான் விடாலும் அவரோடு பணியாற்றிய சிக்கார், ராவோ ஆகியோரும் நீரில் மிதக்கும் அணுக்களின் வகையை எண்ணி நோயை அறியும் அணுவியல் முறையை வகுத்தார்கள். அங்கேயே 1903இல் ஜார்ஜ் பிரோவான், தண்டுவடக் குழாய் எங்கோ அடைபட்டிருந்தால் அதற்குக் கீழே தேங்கும் நீர் மஞ்சளாகி, புரதம் மிகுந்து, குழாயில் ஊற்றிய உடனே உறைந்துவிடும் என்பதைக் கண்டார். 1904இல் அன்ரி துஃபூர் மூளை உறைகளில் பரவிய புற்றின் அணுக்களையே நீரில் கண்டு அறிவித்தார். மூளைப் புற்றுக்கு முதுகு நீர் தந்த முதல் நேரடிச் சான்று என்று அதைக் கொள்ளலாம். மோன்பெலியே நகரத்து வில்லியம் மெஸ்திரெசா 1912இல் வெளியிட்ட நூல், நலமுள்ளவரின் நீருக்கும் நோயாளியின் நீருக்கும் உள்ள வேதியல் வேறுபாடுகளை முறையாகத் தொகுத்து, பல காலம் இத்துறையின் அடிப்படை நூலாக விளங்கியது.

இவை நடந்த காலத்தில் பாகூர் பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. 1880இல் பிரெஞ்சு அரசு உருவாக்கிய கொம்யூன் அமைப்பு இந்தப் பகுதியின் நிர்வாக வரைபடத்தை இன்றும் தீர்மானிக்கிறது. பிரெஞ்சு நிலமும் ஆங்கிலேய நிலமும் துண்டு துண்டாகக் கோத்துக் கிடந்த அந்த வரைபடத்தில், தெற்கே சில மைல் நடந்தால் கடலூரின் ஆங்கிலேய எல்லை வந்துவிடும். 1823இல் வேர்கொண்ட புதுச்சேரி மருத்துவப் பள்ளி உள்ளூர் மாணவர்களுக்குப் பிரெஞ்சு மொழியில் மருத்துவம் கற்பித்தது. கல்விக்கு இந்த மண்ணில் அதைவிடப் பழைய மரபும் உண்டு: பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் ஒன்பதாம் நூற்றாண்டுச் செப்பேடுகள் பாகூரில் இயங்கிய வித்யாஸ்தானம் ஒன்றுக்கு ஊர்களைக் கொடையளித்ததைப் பதிவு செய்கின்றன. 1954 நவம்பரில் புதுச்சேரி இந்தியாவோடு இணைந்த பின், 1956இல் அந்த மருத்துவப் பள்ளி தன்வந்திரி மருத்துவக் கல்லூரியானது. 1964இல் ஜவஹர்லால் பட்ட மேற்படிப்பு மருத்துவ நிறுவனம், அதாவது ஜிப்மர், கோரிமேட்டில் உருப்பெற்றது. அதற்கு முன்பு மூளை அறுவைக்கு உரிய நோயாளி ஒருவர் புதுச்சேரிப் பகுதியிலிருந்து செல்ல வேண்டிய இடங்கள் இரண்டே: 1879இல் திறக்கப்பட்ட ரயில் பாதையில் விழுப்புரம் சென்று, அங்கிருந்து சென்னைக்கு ஒரு வழி, திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி சென்று வேலூர் சேர்வது மற்றொன்று.

முதுகு நீர் எடுப்பது மூளைக் கட்டியில் உயிருக்கே உலை வைக்கலாம் என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. கட்டியால் தலைக்குள் அழுத்தம் மிகுந்திருக்கும்போது கீழே ஊசியால் நீரை இறக்கினால், மேலும் கீழுமான அழுத்த வேறுபாட்டால் மூளையின் அடிப்பகுதி மண்டையோட்டின் அடித்துளைக்குள் அழுந்தி, மூச்சை இயக்கும் மையம் நசுங்கிவிடும். அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டுகளிலேயே இதை வற்புறுத்தி எச்சரித்தார். ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851இல் உருவாக்கிய கண்நோக்கியால் விழித்திரையின் நரம்புத் தலை வீங்கியிருக்கிறதா என்று பார்க்காமல் முதுகில் ஊசி குத்தக் கூடாது என்ற ஒழுங்கு அப்போது உறுதிப்பட்டது. ஸ்கேன் வந்த பின்னும் நல்ல மருத்துவர்கள் கைவிடாத ஒழுங்கு அது. ஆகவே முதுகு நீரின் கதையில் ஒரு முரண் தொடக்கம் முதலே பதிந்திருக்கிறது: எந்த நோயில் அந்த நீரின் செய்தி மிகவும் வேண்டுமோ, அந்த நோயில்தான் அதை எடுப்பது மிகவும் ஆபத்தாக இருந்தது. புற்று எங்கே இருக்கிறது என்பதைக் காண வேறு வழிகள் தேடப்பட்டதற்கு இதுவே காரணம். வால்டர் டாண்டி 1918இலும் 1919இலும் மூளை அறைகளுக்குள் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார். போர்ச்சுக்கலின் எகாஸ் மோனிஸ் 1927இல் மூளையின் இரத்தக் குழாய்களைப் படம் பிடித்தார். இரண்டுமே நோயாளியை வருத்தியவை. ஆயினும் அறுவைக்கு இடம் காட்டியவை.

இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையை 1949இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் ஜேகப் சாண்டி தொடங்கினார். அவர் மொன்றியாலில் வைல்டர் பென்பீல்டிடம் பயின்றவர். மறு ஆண்டு சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி அத்துறையைத் தொடங்கினார். இவ்விருவரும் எஸ்.டி. நரசிம்மன், பல்தேவ் சிங் ஆகியோரும் சேர்ந்து 1951இல் இந்திய நரம்பியல் சங்கத்தை நிறுவினர். அவர்கள் திறந்த மண்டைகளில் கண்டது அவர்கள் படித்த வெளிநாட்டு நூல்களோடு ஒத்துப்போகவில்லை. லண்டனிலும் பாஸ்டனிலும் அரிதாகிவிட்ட காசநோய்க் கட்டி, அதாவது காசக் கிருமியைச் சுற்றித் திரண்டு புற்றுக்கட்டி போலவே மூளையை அழுத்தும் உருண்டை, இங்கே மிகச் சாதாரணமாக இருந்தது. அக்காலத்து இந்திய மருத்துவமனைப் பதிவுகளில், தலைக்குள் இடத்தை அடைத்து வளரும் நோய்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றோ அதற்கும் மேலோ காசநோய்க் கட்டியாக இருந்தது. குழந்தைகளில் சிறுமூளையில் வளரும் கட்டி என்றால் புற்றுக்கும் காசத்துக்கும் சம வாய்ப்பு என்று கருத வேண்டிய நிலை. 1961இல் ராமமூர்த்தியும் வரதராஜனும் காசநோய்க் கட்டியை அறியும் வழிகள் பற்றியே தனிக் கட்டுரை எழுதினர். 1965இல் மும்பையின் டஸ்டூரும் தேசாயும் காசநோய்க் கட்டியையும் கிளையோமா என்னும் மூளைப் புற்றையும் தலா 107 நோயாளிகளின் பதிவுகளை வைத்து ஒப்பிட்டு ‘பிரெய்ன்’ இதழில் வெளியிட்டனர். வெளிநாட்டு இதழொன்றுக்கு இந்தியாவிலிருந்து மட்டுமே எழுதப்பட்டிருக்கக்கூடிய ஒப்பீடு அது.

இந்த வேறுபாடு ஏட்டளவில் நின்றுவிடும் ஒன்றன்று. புற்று என்றால் மண்டையைத் திறந்து அகற்ற வேண்டும். காசம் என்றால், 1940களின் இறுதியில் ஸ்டிரெப்டோமைசினும் 1952இல் ஐசோனியாசிடும் வந்த பின், மாத்திரை ஊசிகளாலேயே கரைக்க வழியுண்டு. தவறிக் காசநோய்க் கட்டியைப் புற்றென அறுத்தால், மருந்துக் காப்பில்லாத நிலையில் கிருமி மூளை உறைகளில் சிதறி மூளைக்காய்ச்சலாகிவிடும் அபாயமும் இருந்தது. இந்த இடத்தில்தான் முதுகு நீர் உதவவேண்டியிருந்தது, ஆனால் அது முழுமையாக உதவவில்லை என்பதே உண்மை. காசநோய் மூளைக்காய்ச்சலில் சர்க்கரை குறைந்து, வெள்ளணுக்களும் புரதமும் மிகுந்து, குழாயில் நின்ற நீரில் சிலந்தி வலை போன்ற மெல்லிய படலம் தோன்றும். மூளைக்குள்ளே மூடிய உருண்டையாக இருக்கும் காசநோய்க் கட்டியிலோ நீர் பெரும்பாலும் வேறுபாடின்றி இருந்துவிடும், அல்லது புரதம் மட்டும் சிறிது உயரும். புற்றிலும் அதே மாற்றமே. ஒரே விடையைச் சொல்லும் இரண்டு நோய்களை அந்த விடையை வைத்துப் பிரிக்க இயலாமல், மருத்துவர்கள் நோயாளியின் வயது, நெஞ்சு எக்ஸ்ரே, வீட்டில் இருமல் நோயாளி உண்டா என்ற விசாரணை ஆகியவற்றைச் சேர்த்து முடிவெடுத்தார்கள்.

இதே காலத்தில் காசநோயைப் பற்றிய அறிவுக்குச் சென்னை உலக அளவில் பங்களித்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை சேர்ந்து 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், பின்னாளில் எழும்பூர் குழந்தைகள் நல நிறுவனத்தோடு சேர்ந்து காசநோய் மூளைக்காய்ச்சலால் பாதிக்கப்பட்ட குழந்தைகளிடம் சிகிச்சை ஆய்வுகளை நடத்தியது. மூளையின் காசநோய்க் கட்டிக்கு அறுவையில்லாமல் குறுகிய கால மருந்துத் திட்டத்தை ஒப்பிட்டு ஆராய்ந்து, 1990களில் அந்த மையம் வெளியிட்ட முடிவுகள், நோயாளி கத்திக்குப் பதில் மருந்தால் குணமாகலாம் என்ற நம்பிக்கைக்கு அறிவியல் அடிப்படை தந்தன. வேலூரிலோ காசநோய் மூளைக்காய்ச்சலால் நீர் தேங்கியவர்களுக்கு வடிகுழாய் வைப்பதற்கான நோய்நிலை வகைப்பாட்டை பாலூர், ராஜசேகர், மேத்யூ சாண்டி ஆகியோர் 1991இல் வகுத்தனர். ‘வேலூர் வகைப்பாடு’ என்ற பெயரில் அது இன்றும் உலகெங்கும் மேற்கோள் காட்டப்படுகிறது.

சி.டி. ஸ்கேன் 1971இல் லண்டனில் முதல் நோயாளியைப் படம் பிடித்தது. அடுத்த பத்தாண்டில் இந்தியப் பெருநகரங்களுக்கு வந்தது. அதன்பின் கட்டியின் இடத்தைக் காண முதுகில் ஊசி குத்தும் தேவை ஏறத்தாழ மறைந்தது. ஆனால் இந்தியாவில் ஸ்கேன் புதியதொரு புதிரையும் கொண்டுவந்தது. வலிப்போடு வந்த இளைஞர்களின் ஸ்கேனில் சிறிய வளையம் போன்ற புள்ளி ஒன்று தெரிந்தது. காசநோய்க் கட்டி என்று கருதி மாதக்கணக்கில் மருந்து கொடுத்தவர்கள் பலர், புற்று என்று அஞ்சியவர்களும் உண்டு. வேலூரில் மேத்யூ சாண்டியும் வேதாந்தம் ராஜசேகரும் அந்தப் புள்ளிகளை எடுத்துச் சோதித்து, அவற்றில் பெரும்பாலானவை நாடாப்புழுவின் இளம் பருவம் மூளையில் தங்கி மடிந்துகொண்டிருந்தவை என்றும், பலவும் சில மாதங்களில் தாமாகவே மறையக் கூடியவை என்றும் நிறுவினார்கள். அவர்களது முடிவு 1989இல் ‘லான்செட்’ இதழில் வெளியாயிற்று. அந்தக் கட்டுரை எத்தனை பேரைத் தேவையற்ற அறுவையிலிருந்தும் தேவையற்ற காசநோய் மருந்திலிருந்தும் காப்பாற்றியிருக்கும் என்று எண்ணும்போது, தமிழ்நாட்டு மருத்துவம் உலகுக்கு அளித்த பங்களிப்புகளில் இதை முன்வரிசையில் வைக்கத் தோன்றுகிறது. படத்தில் ஒரே மாதிரியாகத் தெரிபவற்றைப் பிரித்தறிய வேறு வகைச் சான்று தேவை என்பதையும் அது அழுத்தமாகக் காட்டியது.

புற்றின் பக்கத்தில் முதுகு நீரின் பயன் முழுவதும் அழிந்துவிடவில்லை. குழந்தைகளின் நோய்களில் அது நிலைத்தது. சிறுமூளையில் வளரும் மெடுல்லோபிளாஸ்டோமா என்ற புற்றை 1925இல் குஷிங்கும் பெர்சிவல் பெய்லியும் பெயரிட்டு விவரித்தார்கள். அது நீரின் வழியாகத் தண்டுவடம் முழுவதும் விதைபோலப் பரவும் இயல்புடையது. 1953இல் மான்செஸ்டரின் எடித் பேட்டர்சனும் பார்ரும் தலையோடு முழு முதுகுத்தண்டுக்கும் கதிர்வீச்சு தந்தால் குழந்தைகள் பிழைப்பதைக் காட்டினர். 1969இல் சாங் வகுத்த நிலைப்படுத்தலில், நீரில் புற்றணு கண்டால் அது ‘எம்-1’ என்ற தனி நிலையாயிற்று. இதற்காக அறுவை முடிந்து சுமார் பத்து நாள் முதல் இரண்டு வாரம் கழித்தே முதுகு நீர் எடுக்கப்படுகிறது. அதற்கு முன் எடுத்தால் அறுவையின்போது சிதறிய அணுக்கள் பரவலாகத் தெரிந்து ஏமாற்றும். இரத்தப் புற்று நோயிலோ மூளை உறைக்குள் பதுங்கும் அணுக்களை அழிக்க முதுகு நீரிலேயே மெத்தோட்ரெக்சேட் மருந்தைச் செலுத்துவது வழக்கமாயிற்று. அந்த மருந்துக்குடும்பத்தை லெடர்லி ஆய்வகத்தில் உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கிய எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர் என்பதை இந்த வரலாற்றில் குறிப்பிடாமல் விட இயலாது. 1984இல் வகுக்கப்பட்ட எம்.சி.பி.-841 திட்டத்தின்படி இரத்தப் புற்றுடைய சிறாருக்குச் சிகிச்சை தந்த மையங்களில் அடையாறு புற்றுநோய் நிறுவனமும் ஒன்று. அங்கே திரும்பத் திரும்ப முதுகில் ஊசி ஏற்பதும் சிகிச்சையின் அன்றாடமாயிற்று.

அணுக்களைத் தேடுவதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. 1982இல் நியூயார்க்கின் வாசர்ஸ்ட்ராம், கிளாஸ், போஸ்னர் ஆகியோர் மூளை உறைப் புற்றுப் பரவல் உடைய 90 நோயாளிகளைப் பரிசீலித்தபோது, முதல் முறை எடுத்த நீரில் ஏறத்தாழ பாதிப் பேரிலேயே அணு தெரிந்தது. திரும்பத் திரும்ப எடுத்தபோதுதான் பத்தில் ஒன்பது பேரை அடைய முடிந்தது. 1998இல் கிளான்ட்ஸ் குழுவினர் 10.5 மில்லி லிட்டருக்குக் குறையாமல் எடுப்பதும், எடுத்த உடனே சோதிப்பதும் தவறைக் குறைக்கும் என்று காட்டினார்கள். உடலுக்கு வெளியே வந்த அணுக்கள் மிக விரைவில் சிதைந்துவிடுவதே இதற்குக் காரணம். நோயாளி எவ்வளவு அருகில் இருக்கிறார் என்பதைவிடச் சோதனைக்கூடம் ஊசி குத்திய இடத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதே இங்கு முக்கியம். கடலோரக் கிராமத்துக்கு அருகே மருத்துவக் கல்லூரிகள் தோன்றியதன் பொருள் இந்தக் கோணத்தில் பெரிது.

அணுவைத் தேடுவதற்கு அடுத்தபடியாக அணு விட்டுச் செல்லும் தடயத்தைத் தேடுவது வந்தது. நோயைச் சுட்டும் அளவிடத்தக்க பொருளையே ஆய்வாளர் பயோமார்க்கர் என்கின்றனர். தமிழில் குறிப்பான் எனலாம். இதில் முதலில் வென்றவை, கருவளர்ச்சிப் புற்றுகள் சுரக்கும் இரண்டு பொருள்கள்: ஆல்பா பீட்டோபுரோட்டீன் என்ற புரதமும், கர்ப்பத்தைக் காட்டும் சோதனையில் பயன்படும் எச்.சி.ஜி. என்ற ஹார்மோனும். மூளையின் நடுப்பகுதியில் ஊசி கொண்டு சதை எடுப்பது ஆபத்தாகையால், குழந்தைகளின் புற்று சிகிச்சைக்கான ஐரோப்பிய நெறிமுறை, இரத்தத்திலோ முதுகு நீரிலோ ஆல்பா பீட்டோபுரோட்டீன் மில்லி லிட்டருக்கு 25 நானோகிராமுக்கு மேலோ, எச்.சி.ஜி. லிட்டருக்கு 50 அலகுக்கு மேலோ இருந்தால், உரிய படத்தோடு சேர்த்து, சதை எடுக்காமலேயே நோயை உறுதி செய்யலாம் என்று வகுத்தது. சிகிச்சையின்போது அந்த அளவு இறங்குவதும், திரும்ப ஏறினால் நோய் திரும்புவதும் கண்காணிப்புக்கும் வழி செய்தன. 1970களின் இறுதியில் சான்பிரான்சிஸ்கோவில் லாரன்ஸ் மார்ட்டன் மெடுல்லோபிளாஸ்டோமாவில் பாலியமின் என்ற சிறு மூலக்கூறுகளை நீரில் அளந்து நோய் திரும்புவதைக் கண்காணித்தார். அது வழக்கமான சோதனையாக நிலைக்கவில்லை.

மூளைக்கும் இரத்தத்துக்கும் இடையே தடுப்பு உண்டு என்பதை 1885இல் பால் எர்லிக்கின் சாயப் பரிசோதனைகளும், 1913இல் எட்வின் கோல்ட்மன் சாயத்தை நேராக முதுகு நீரில் செலுத்தியபோது மூளை நிறம் மாறி உடல் மாறாமல் இருந்ததும் காட்டியிருந்தன. மார்பு, குடல் புற்றுகளை இரத்தத்தில் மிதக்கும் டி.என்.ஏ. துணுக்குகளால் அறியும் முறை பரவியபோது மூளைப் புற்று விலகி நின்றதற்கு இந்தத் தடுப்பே காரணம். இரத்தத்தில் அத்தகைய துணுக்குகள் உண்டு என்று 1948இலேயே ஸ்திராஸ்பூர் நகரத்து மாந்தேலும் மெத்தேயும் கண்டிருந்தனர். மூளைக் கட்டியின் துணுக்குகள் இரத்தத்துக்குள் சொற்பமாகவே கசிகின்றன, அருகிலுள்ள நீரிலோ மிகுதியாகக் கலக்கின்றன. 2015இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் மூளை, தண்டுவடப் புற்றுடைய 35 பேரின் நீரைச் சோதித்து 74 விழுக்காட்டினரிடம் துணுக்கைக் கண்டனர். நீரைத் தொட்டிருந்த கட்டிகள் அனைத்திலும் அது கிடைத்தது. 2019இல் கிளையோமா நோயாளிகள் 85 பேரில் 42 பேரின் நீரில் கட்டியின் டி.என்.ஏ. இருந்ததை ‘நேச்சர்’ இதழில் மில்லர் குழுவினர் அறிவித்தனர். 2021இல் மெடுல்லோபிளாஸ்டோமா உடைய 123 குழந்தைகளின் 476 நீர் மாதிரிகளை ஆராய்ந்த மற்றொரு குழு, படத்தில் தெரியாத எச்ச நோயை இந்த முறை முன்னதாகவே காட்டியதைக் கண்டது.

குறிப்பிட்ட சில மரபணு மாற்றங்கள் இப்போது நேரடியாகவே நோயைச் சொல்கின்றன. 2008இல் கிளையோமாவில் கண்டறியப்பட்ட ஐ.டி.எச். மரபணு மாற்றமும், மூளைத்தண்டில் குழந்தைகளைத் தாக்கும் கொடிய புற்றில் காணப்படும் எச்-3 கே-27-எம் மாற்றமும் 2021இல் வெளியான உலக சுகாதார நிறுவன வகைப்பாட்டில் நோயின் பெயரையே தீர்மானிக்கின்றன. பின்னதை முதுகு நீரில் அளக்கும் முயற்சிகள் வெற்றி கண்டுள்ளன. மூளை லிம்போமாவில் எம்.ஒய்.டி.-88 மரபணு மாற்றமும் இன்டர்லூகின்-10 என்ற செய்திப் புரதமும் உயர்ந்திருப்பது சிறந்த குறிப்பாகக் கருதப்படுகிறது. இருப்பினும் ஏறத்தாழ பாதி கிளையோமாக்களில் நீர் மௌனம் காப்பதால், சதை எடுத்துப் பார்ப்பதன் இடத்தை அது இன்னும் பிடிக்கவில்லை.

கண்காணிப்புக்கு முதுகில் அடிக்கடி ஊசி குத்துவது கடினம். 1963இல் அயூப் ஒமாயா தலைத் தோலுக்கடியில் பொருத்தும் சிறு தேக்கி ஒன்றை வடிவமைத்தார். பிரிவினைக்கு முந்தைய பஞ்சாபில் பிறந்த அவரது பெயரிலேயே அது வழங்குகிறது. தோலின் வழியே மெல்லிய ஊசியால் நீரை எடுக்கவும் மருந்தைச் செலுத்தவும் அது உதவுகிறது. வரும் ஆண்டுகளில் டி.என்.ஏ. கண்காணிப்பு பரவினால், இத்தகைய தேக்கிகளின் பயனும் பெருகக் கூடும்.

பாகூர் வட்டாரத்தில் ஒரு நோயாளியிடம் இன்று எடுக்கும் சில மில்லி லிட்டர் நீர், சிறு குழாய்களில் பிரிந்து வெவ்வேறு கூடங்களுக்குச் செல்கிறது: ஒன்று சர்க்கரை, புரத அளவுக்கு, ஒன்று அணு எண்ணிக்கைக்கும் அணுவியலுக்கும், ஒன்று காசநோயைச் சுட்டும், சீட்டுகளில் ‘ஏடிஏ’ என்று எழுதப்படும் அடினோசின் டிஅமினேஸ் நொதிக்கு, இன்னொன்று ஊழியர்கள் ‘சிபிநாட்’ என்று அழைக்கும் காசக் கிருமியின் மரபணுச் சோதனைக்கு. முதுகு நீரில் இந்தக் கடைசிச் சோதனையைப் பயன்படுத்த உலக சுகாதார நிறுவனம் 2013இல் பரிந்துரைத்தது. எனினும் காசக் கிருமி நீரில் குறைவாக இருக்கும்போது அது தவறவும் செய்கிறது, ‘இல்லை’ என்ற விடையை முழுமையாக நம்ப முடிவதில்லை. புற்றின் டி.என்.ஏ. துணுக்கைத் தேடும் ஆய்வுகள் பெரும்பாலும் காசநோய் அரிதாக உள்ள நாடுகளின் நோயாளிகளிடம் நடந்தவை; அவற்றில் ஒப்பீட்டுக்கு நின்றவர்கள் பிற புற்றுடையவர்களோ நலமுள்ளவர்களோ ஆவர். காசநோய்க் கட்டியுடையவர், புழுக்கட்டியுடையவர், காசநோய் மூளைக்காய்ச்சலிலிருந்து மீள்பவர் ஆகியோரின் நீரிலும் இந்தக் குறிப்பான்கள் எவ்வாறு நடந்துகொள்கின்றன என்பதை வேலூர், சென்னை, புதுச்சேரி மருத்துவமனைகளின் மாதிரிகளில் அளந்து பார்க்கும் பணியை, ராமமூர்த்தியும் டஸ்டூரும் 1960களில் தொடங்கிய ஒப்பீட்டின் தொடர்ச்சியாகவே கருத வேண்டும்.